எலுமிச்சை, சோடா உப்பு, கரி

சீருடைச் சேலையின் தோளில்
ரம்யா என்று குத்தியிருக்கிறது.
ரம்யா ஆவணியோடு நின்றுவிட்டாள்.
புதுப் பட்டை அடிக்கச் செலவாகுமாம்.
அதனால் ஒச்சம்மாளாகிய நான்
விளக்குத்தூண் பக்கத்துக் கடையில்
மூன்றாம் மாடி, பூனம் பிரிவில்
ரம்யா.

‘சிரிச்ச முகமா நில்லுங்க’ என்று
காலை ஒன்பதரைக்கு
ஒலிபெருக்கியில் சூப்பர்வைசர்.
முகம் சிரிக்கும். வாய் திறக்காது.
கொரோனா போன பிறகும் ஏழு மாதம்
கவசத்தைக் கழற்றாதவள்
அந்த மாடியில் நான் ஒருத்திதான்.

மருந்துக்கடைக் கண்ணாடிக்குள்
பல் வெளுக்கும் பட்டைகள், பதினாலு ஜோடி,
ஆயிரத்து இருநூறு.
கேட்டதற்கு மரியாதையாக
இருமல் மிட்டாய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே ஆராய்ச்சி செல்லூர் அறையில் நடந்தது.
ஜெயராக்கினி போனைப் பார்த்து வாசிப்பாள்,
நான் தேய்ப்பேன்.
வாழைப்பழத்தோலின் உள்பக்கம் வழுக்கியது,
வேறொன்றும் செய்யவில்லை.
பஜ்ஜிக்கு வாங்கிய சோடா உப்பில்
நாக்கு இரண்டு நாள் உப்பளமாய்க் கிடந்தது.
நல்லெண்ணெயை இருபது நிமிடம் கொப்பளிக்க வேண்டும்.
பன்னிரண்டாம் நிமிடம்
வாடகை பேச வீட்டுக்காரம்மா வந்தார்.
வாய் நிறைய எண்ணெயோடு
உம், உம் என்று தலையாட்டியதில்
மாதம் நானூறு கூடிப்போனது.

இஸ்திரி வண்டிச் சோனைமுத்துவிடம்
ஆறின கரி கேட்டேன்.
‘எதுக்குத்தா?’
சொன்னேன்.
வெற்றிலைக் காவி ஏறிய பல் அத்தனையும் காட்டி
அவர் சிரித்த சிரிப்பில்
பெட்டியிலிருந்த கங்கு ஒருமுறை கண் திறந்தது.
ஆனாலும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.
குழாயடியில் கறுப்பாய்த் துப்பி நிமிர்ந்தால்
‘யாரையோ கடிச்சுத் தின்னவ மாதிரி இருக்கடி’
என்கிறாள் ஜெயராக்கினி.

கெடுத்தது எலுமிச்சைதான்.
நாலு நாள் தேய்த்தேன்.
ஐந்தாம் நாள் நன்னாரி சர்பத்தின் முதல் மடக்கு
கடைவாயில் இறங்காமல்
உச்சந்தலைக்கு ஏறியது.

பெரியாஸ்பத்திரியில்
சின்னக் கண்ணாடியை வாய்க்குள் திருப்பிப் பார்த்த
சின்ன டாக்டர் சொன்னாள்:
‘இது மேல படிஞ்ச கறை இல்லக்கா.
பல்லு முளைக்கும் முன்னாடியே
தண்ணியில வந்து உள்ள உட்கார்ந்தது.
எலுமிச்சை அதை எடுக்காது,
பல்லைத்தான் எடுக்கும்.’

பேருந்தில் நின்றபடி
நாக்கால் ஒவ்வொன்றாய்த் தடவிக்கொண்டு வந்தேன்.
மந்தையோரத்து அடிபம்பு,
குடம் நிரம்பும்வரை
கை குவித்துக் குடித்த நான்.

ஐப்பசிக் கூட்டம்.
முந்தானையால் வாயை மூடிக்கொண்டே
ஒருத்தி விலை கேட்கிறாள்.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
‘எந்த ஊருக்கா?’
‘உசிலம்பட்டிக்கு மேக்க.’
‘மேக்கன்னா?’
‘வேப்பங்குளத்துப்பட்டி.’
அவள் என் தோளைப் படித்தாள்.
‘ரம்யாவா? எங்க பக்கம் இப்படிப் பேரு கெடையாதே.’
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
மூட மறந்த சிரிப்பு.
அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.
அதே பழுப்புக் கோடு.
அதே பம்பு.
‘நீ என்னத்தப் போட்டுத் தேச்ச?’
‘கரி. நீங்க?’
‘சாம்பலும் உப்பும்.
ஈறுதான் போச்சு.’
கூட்டம் நெருக்க
நாங்கள் இரண்டு பேரும்
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

‘மூணாம் மாடி, பேச்சைக் குறைங்க’
என்றது ஒலிபெருக்கி.

முந்நூற்று எண்பது ரூபாய்ச் சேலைக்கு
அரைமணி நேரம் பேரம் பேசி
எடுக்காமலே போனாள்.

மிச்சமிருந்த எலுமிச்சையை
அன்றைக்கு ராத்திரி ஜெயராக்கினி
சோற்றில் பிழிந்தாள்.
பல் கூசியது.
இரண்டாம் முறையும் போட்டுத் தின்றேன்.